லெராய்க்கு நான் பொருத்தம் பார்த்தது

1

அமெரிக்காவில் எனக்கு ஒரு மருமகன் தயாராகிக்கொண்டிருக்கிறான் என்று பதினொரு நாள் நம்பிக்கொண்டு திரிந்தேன். அவன் ஒரு கட்டடக்கலைஞன் என்றும் நம்பினேன். இரண்டையும் நானே என் வாயால் சொல்லிவிடுவது நல்லது. என் மனுசி வதனா யாருக்காவது சொல்லி, அது சுற்றிச் சுழன்று உங்கள் காதுக்கு வரும்போது இதைவிட மோசமாக இருக்கும்.

எல்லாம் கடிதத்தால் வந்தது. கடிதம் வருவதில் என்ன புதினம் என்று ஊரில் இருக்கும் உங்களுக்குத் தோன்றும். டென்மார்க்கில் கடிதம் என்ற சாமான் ஏறக்குறையச் செத்துவிட்டது. வரிக்கந்தோர், வைத்தியசாலை, வங்கி எல்லாமே கைத்தொலைபேசிக்குள்தான் எழுதுகின்றன. விவாகரத்து எடுப்பதென்றாலும் விரலால் நாலு தரம் அமத்தினால் தொடங்கிவிடலாம். வதனா இதை எனக்கு அடிக்கடி ஞாபகப்படுத்துவாள். தெருவில் நின்ற சிவப்புத் தபால்பெட்டிகளையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் வாசல் பெட்டிக்குள் விளம்பரத்தாளும் சிலந்தியும்தான் குடியிருந்தன.

அந்தப் பெட்டிக்குள் மாதத்துக்கு ஒன்று, மகள் அபிராமியின் பெயருக்கு, அமெரிக்க முத்திரை ஒட்டிய உறை வரத் தொடங்கியது. அபிக்கு இருபத்துமூன்று வயது. ஓகூஸ் நகரத்தில் சமூகப்பணி படிக்கிறாள். வருடத்துக்கு மூன்று அறை மாறுகிறவள் என்பதால் பிராண்டேயில் இருக்கும் எங்கள் விலாசத்தைத்தான் எல்லா இடத்திலும் கொடுத்து வைத்திருக்கிறாள். கடிதங்களைக் குளிர்சாதனப்பெட்டிக்கு மேல் வைப்போம். சனிக்கிழமை வந்தால் எடுத்துக்கொண்டு போவாள். முதல் பத்துக் கடிதமும் படிப்பு விஷயமாக்கும் என்று விட்டுவிட்டேன். பதினோராவதை வதனா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, அனுப்பினவர் ஆம்பிளைப் பேர். லெராய்."

"கொண்டா பாப்பம்."

பென்சில் எழுத்து. ஒவ்வொரு எழுத்தும் அளந்து வைத்தது போல நேராக நின்றது. பெயருக்குப் பக்கத்தில் ஆறு இலக்கத்தில் ஒரு எண். அமெரிக்கா பெரிய நாடு, வீட்டிலக்கமும் பெரிதாகத்தானே இருக்கும் என்று அதைத் தாண்டிப் போய்விட்டேன்.

"பென்சிலாலை எழுதுறான். கஞ்சப்பயல்" என்றாள் வதனா.

"உமக்கென்ன தெரியும்? கோட்டைப் பாரும். உது வீடு வரையிறவன்ரை கை."

இப்படித்தான் என் மருமகன் கட்டடக்கலைஞன் ஆனான்.

2

பிராண்டேயில் ஒரு பொடியனைப் பற்றி அறிய வேண்டுமென்றால் சபாபதி அண்ணையிடம் போக வேண்டும். முப்பது வருடம் இறைச்சித் தொழிற்சாலையில் பன்றி வெட்டிவிட்டு இப்போது ஓய்வூதியத்தில் பஞ்சாங்கம் புரட்டுகிறார். யூலாந்துப் பக்கத்துத் தமிழ்க் கல்யாணங்களில் பாதி அவர் கை பட்டவை. காரில் ஆறு நிமிடம். வதனாவுக்குச் சொல்லாமல் போனேன்.

"பொடியன்ரை நட்சத்திரம் என்ன, தம்பி?"

"தெரியாதண்ணை."

"பிறந்த நேரம்?"

"அதுவும் தெரியாது."

"பேராவது தெரியுமோ, அதையும் நான்தான் கண்டுபிடிக்கோணுமோ?"

"லெராய்."

கண்ணாடியை மூக்குக்கு மேல் ஏற்றினார். ஊரில் சாதகம் தொலைத்தவர்களுக்குப் பெயரின் முதல் எழுத்தை வைத்துப் பொருத்தம் பார்ப்பார்களே, அந்த வழி. "லி, லு, லே, லோ... பரணி. யமன் அதிபதியான நட்சத்திரம். பயப்பிடாதையும், பரணி தரணி ஆளும் எண்டுதானே சொல்லுறவை."

"வெள்ளைக்காரப் பேருக்கும் இது செல்லுமோ அண்ணை?"

"நட்சத்திரம் என்ன கடவுச்சீட்டுக் கேட்டே நிக்குது?"

அபியின் நட்சத்திரம் அவருக்கு முதலே தெரியும். கால் மணித்தியாலம் விரல் மடித்தார். கடைசியில் சிரித்தார். "பத்துக்கு எட்டு. ரச்சுப் பொருத்தம் அந்த மாதிரி, நல்ல திறம். பொடியனுக்கு ஆயுள் கெட்டி. ஒரு படம் அனுப்பும், முகத்தையும் ஒருக்காப் பாத்துச் சொல்லுறன்."

வீட்டுக்கு வரும் வழியில் காருக்குள் தனியே பாடினேன். வதனாவுக்கு விஷயத்தை உடைத்தேன். "பிள்ளையிட்டை ஒரு வார்த்தை கேக்காமல் பொருத்தம் பாத்துப்போட்டு வாறியளோ?" என்று ஏசினாள். ஏசி முடித்துவிட்டு, "எட்டோ?" என்று கேட்டாள்.

3

படம் தேடியது தொழிற்சாலையில், மதியச் சாப்பாட்டு இடைவேளையில். நான் காற்றாலைச் சிறகுகளை அரத்தாளால் தேய்த்து மினுக்குகிற பகுதியில் வேலை. தூசு முகமூடியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, கறுத்தப் பாணுக்கும் நேற்றைய மீன்குழம்புக்கும் நடுவில் கைத்தொலைபேசியை வைத்து, உறையில் இருந்த முழுப் பெயரையும் ஊர்ப் பெயரையும் அடித்தேன்.

படம் வந்தது. வெள்ளைச் சட்டை, மொட்டைத் தலை, நெஞ்சுக்கு நேரே ஒரு பலகை. பலகையில் அதே ஆறு இலக்கம்.

பக்கத்தில் இருந்த யென்ஸ் எட்டிப் பார்த்தான். இருபது வருடமாக என்னோடு சிறகு தேய்க்கிறவன். "யாரது, தெரிந்தவனா?"

"மருமகன்" என்றது என் வாய். மூளை அப்போது அங்கே இல்லை.

யென்ஸ் தன் பாணைக் கீழே வைத்தான். நான் எழுந்து கழிவறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு மிச்சத்தை வாசித்தேன்.

நாலு வயதில் தாய் அவனை ஒரு உறவுக்காரியின் வீட்டில் விட்டுவிட்டுப் போனாள், திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு எட்டு வளர்ப்பு வீடுகள். பதினாறில் கார் களவு. இருபத்திரண்டில், ஒரு பண்டகசாலையில் வேலை பறிபோன கிழமை, மேலாளரின் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினான். மேலாளரைச் சுட்டான். அவருடைய வாகனத்தை எடுத்தான். அடுத்த நாள் பக்கத்து மாநிலத்தில் ஒரு பெற்றோல் நிலையத்தில் காசாளரைச் சுட்டான். மூன்றாம் நாள் ஒரு பண்ணை வீட்டில் தண்ணீர் கேட்டான். கொடுத்த கிழவரையும் கிழவியையும் சுட்டான். நாலாம் நாள் காலை, பெருந்தெரு ஓரத்தில் வண்டிக்குள் படுத்திருந்த ஒரு சாரதி. மத்தியானம், வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு தாதி. அவளுடைய காரில் பெற்றோல் நிறைய இருந்ததாம், அதனால். நாலு நாள், மூன்று மாநிலம், ஆறு பேர். பின்னேரம் ஒரு சோளக்காட்டுக்குள் நித்திரையாகக் கிடந்தவனைப் பிடித்தார்கள். ஏன் செய்தாய் என்று நீதிமன்றத்தில் கேட்டதற்கு, தெரியாது என்றான். இருபத்திரண்டு வருடமாக மரண தண்டனைக் கூண்டில் இருக்கிறான்.

அந்தக் காசாளரில் வந்து நின்றுவிட்டேன். வேறொரு நாட்டிலிருந்து வந்தவர், இரண்டு பிள்ளைகள், அந்த வேலையில் மூன்றாம் மாதம். நான் டென்மார்க் வந்த புதிதில் பெற்றோல் நிலையத்தில்தான் நின்றேன். கதவு திறக்கும்போது மணி அடிக்கும். அடித்தால் சிரிக்க வேண்டும் என்று பழக்கியிருந்தார்கள். அந்த மனிதரும் சிரித்துக்கொண்டுதான் நிமிர்ந்திருப்பார்.

அடுத்து நான் தேடியது, மரண தண்டனைக் கைதி கல்யாணம் செய்யலாமா என்று. செய்யலாமாம். கழிவறைக்குள் இருந்து சபாபதி அண்ணைக்குத் தகவல் அனுப்பினேன்: "படம் கிடைக்கேல்லை."

4

சனிக்கிழமை அபி வந்தாள். நான் இரண்டு நாள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சு, அவள் சப்பாத்துக் கழற்றும்போதே உடைந்து கொட்டியது.

"ஆறு பேரைச் சுட்டவன் பிள்ளை! ஆறு பேர்! தெரியுமோ உனக்கு?"

நாங்கள் தமிழில் கேட்டால் அபி டேனிஷில் பதில் சொல்லுவாள். கோபம் வந்தால் இன்னும் வடிவான டேனிஷ் வரும். அன்றைக்குக் கோபம் வரவில்லை. ஆறு பெயரையும் சொன்னாள். மேலாளர், காசாளர், கிழவர், கிழவி, சாரதி, தாதி. ஒவ்வொருவரின் வயதையும் சொன்னாள். மனப்பாடம்.

"முதல் கடிதத்தில் அவர் இதைத்தான் எழுதினார், அப்பா. ஆறு பெயரும், எப்படிச் செத்தார்கள் என்பதும். இவர்களை அறிந்துகொள், அதற்குப் பிறகும் எழுத விருப்பமென்றால் எழுது என்று."

"நீ ஏன் எழுதுறாய்?"

"கடிதம் கேட்கிற கைதிகளின் பட்டியல் ஒன்றில் அவர் பெயர் இருந்தது. வேறு யாரும் எழுதவில்லை."

"அந்தக் காசாளருக்கு ஆர் எழுதினது?"

கழற்றிய சப்பாத்தைச் சுவரோரம் வைத்தாள். "அவருடைய மகளுக்கு எழுதினேன். பதில் இல்லை. வரவேண்டிய அவசியமும் இல்லை."

வதனா அடுப்படியில் இருந்து கேட்டாள். "அப்ப கலியாணம் எண்டு ஒண்டும் இல்லையோ?"

"என்ன கலியாணம்?" அபி இப்போது தமிழுக்கு வந்துவிட்டாள். வதனா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். பொருத்தக் கதையைச் சொல்ல வேண்டி வந்தது. கட்டடக்கலைஞன் கதையையும். அபி சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, கதிரையில் இருந்துவிட்டாள்.

"அங்கை பேனை குடுக்கமாட்டினம் அப்பா. பென்சில் மட்டுந்தான். அதுவும் கட்டைப் பென்சில்."

சிரித்து முடித்தபிறகுதான் சொன்னாள். தண்டனைக்குத் திகதி வைத்துவிட்டார்கள். கோடை முடிகிற நேரம். கடைசி நேரத்தில் தன் பக்கம் நிற்பதற்கு ஐந்து பேரைக் கைதி சொல்லலாம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டும். அவனுக்குச் சொல்ல ஒருவர்தான் இருக்கிறார்.

"நான் போறன்" என்றாள். தமிழில் சொன்னாள், எனக்கு விளங்க வேண்டும் என்று.

5

நான் ஏன் அப்படிப் பயந்தேன் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. முப்பது வருடக் கல்யாண வாழ்க்கையில் வதனாவுக்கே சொல்லாத காரணம்.

யாழ்ப்பாணத்தில், எனக்குப் பதினாலு வயது. ரியூசனுக்குச் சைக்கிளில் போகிறேன், விடிந்து கொஞ்ச நேரம். சந்தியில் சனம். மின்கம்பத்தில் ஒரு ஆளைக் கட்டிவைத்துச் சுட்டிருந்தது. தலை தொங்கிப்போய், கழுத்தில் ஒரு மட்டை. மட்டையில் அவர் செய்த குற்றங்களை இயக்கக்காரர் இலக்கம் போட்டு எழுதியிருந்தார்கள். சந்தையடியில் றேடியோ திருத்துகிறவர். எங்கள் வீட்டு றேடியோவை இரண்டு தரம் திருத்தியவர். என்னைக் கண்டால் ஸ்குறூ ஆணி ஒன்றைக் கையில் தந்து, தொலைக்காமல் வைத்திரு என்பார். அது ஒரு விளையாட்டு.

மட்டையை வாசித்தவர்கள் தலையாட்டிவிட்டு நகர்ந்தார்கள். நானும் வாசித்தேன். இலக்கம் போட்டு எழுதியிருந்ததால், ஏதோ காரணம் இருக்கத்தானே வேண்டும் என்று நினைத்தேன். பிறகு சைக்கிளில் ஏறி ரியூசனுக்குப் போய் அட்சரகணிதம் செய்தேன். எல்லாக் கணக்கும் சரி.

டென்மார்க்கில் அகதி விசாரணையில் ஒரு அம்மா என்னைக் கேட்டா: யாரும் கொல்லப்படுவதை நேரில் பார்த்தீர்களா? இல்லை என்றேன். கொல்லும்போது நான் பார்க்கவில்லை, பிறகுதானே பார்த்தேன். அவ்வளவு நேர்மையான பொய்யை அந்தக் கந்தோரில் வேறு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

பத்து நிமிடம்தான் அந்தச் சந்தியில் நின்றிருப்பேன். நாற்பது வருடமாகிறது. யூலாந்தின் நீட்டுத் தெருக்களில் கார் ஓடும்போது, விளக்குக் கம்பங்கள் வரிசையாக வரும். ஒவ்வொன்றின் அடியையும் என் கண் ஒருதரம் தொட்டுவிட்டுத்தான் போகும். என் பிள்ளை அமெரிக்காவுக்குப் போய், காசு கொடுத்து விமானமேறி, அப்படி ஒரு பத்து நிமிடத்தை வாங்கிக்கொண்டு வரப்போகிறாள். என் தலைக்குள் இது மட்டும்தான் ஓடியது.

6

மூன்று கிழமை கழித்து ஒரு தடித்த உறை வந்தது.

வதனா முதியோர் இல்லத்தில் காலை வேலை. எனக்கு விடுமுறை. உறையைக் குளிர்சாதனப்பெட்டிக்கு மேல் வைத்தேன். எடுத்தேன். திரும்ப வைத்தேன். பிறகு புட்டுப்பானையில் தண்ணீர் வைத்து அடுப்பைப் போட்டேன். இந்த நாட்டில் மற்றவரின் கடிதத்தைப் பிரிப்பது சட்டப்படி குற்றம். அபி சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே எனக்குச் சொல்லித்தந்தவள். குடியுரிமைச் சோதனைக்காக டேனிஷ் அரசர்களின் வரிசையைப் பாடமாக்கிய ஒரு மனிதன், புட்டு அவிக்கிற ஆவியில் உறையின் பசையை இளக்கிக்கொண்டு நின்றான். அவசரத்தில் ஒரு மூலை நனைந்துவிட்டது.

ஒரு கடிதம், ஒரு படிவம். கடிதம் சின்னது.

"உன் பெயரை முதல் வரியில் எழுதியிருக்கிறேன். மற்ற நாலு வரிக்கும் என்னிடம் பெயர் இல்லை. நீ என்னைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்றில்லை. நிலத்தைப் பார். அந்த அறையில் எனக்காக ஒருவர் இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தால் போதும். மற்றக் கண்ணாடிக்குப் பின்னால் அந்த ஆறு பேருடைய ஆட்கள் இருப்பார்கள். அவர்கள் இருப்பதுதான் சரி. உன்னால் வர முடியாவிட்டால் நான் குறை நினைக்கமாட்டேன்."

படிவத்தில் அவன் கையெழுத்து இருந்தது. அவளும் கையெழுத்து வைத்து, இதே தாளைத் திருப்பி அனுப்ப வேண்டும். பிரதி செல்லாது, மின்னஞ்சல் செல்லாது, குறித்த திகதிக்குள் சிறைச்சாலைக்குக் கிடைக்க வேண்டும் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. "கைதிக்கு நீங்கள் என்ன உறவு" என்று ஒரு கட்டம். அதைப் பார்த்து, பத்துக்கு எட்டு என்று எழுதலாம் என்று ஒரு பகிடி எனக்கு வந்தது. சிரிப்பு வரவில்லை.

படிவம் போய்ச் சேரவேண்டிய திகதிக்குப் பதினாலு நாள் இருந்தது.

உறையை ஒட்டினேன். களஞ்சிய அறையில் அடுக்கியிருந்த அரிசிப் பைகளில் அடியில் இருந்ததன் வாயைப் பிரித்து, அரிசிக்குள் உறையைத் தாட்டேன். யாழ்ப்பாணத்தில் சுற்றிவளைப்பு நேரம் எதை ஒளிப்பதென்றாலும் அரிசிக்குள்தான் ஒளிப்போம். நாற்பது வருடத்தில் நான் ஒரு புது இடம்கூடக் கண்டுபிடிக்கவில்லை.

அபி இரண்டாம் நாள் தொலைபேசி எடுத்தாள். "அப்பா, கடிதம் வந்ததோ?"

"இல்லைப் பிள்ளை."

"பெரிய உறை. முக்கியமானது."

"புது ஆள்தான் இப்ப தபால் போடுறான். எங்கையாவது மாறிப் போட்டிருப்பான். கேக்கிறன்."

நாலாம் நாள் எடுத்தாள். ஐந்தாம் நாள் எடுத்தாள். ஆறாம் நாள் அழுதுகொண்டு எடுத்தாள். அபி எட்டு வயதில் சைக்கிளால் விழுந்து கை முறிந்தபோதுகூட அழாதவள். "நான் தபால் கம்பனிக்கு முறைப்பாடு செய்திருக்கிறேன்" என்றாள். நான் "நல்ல வேலை செய்தாய்" என்றேன். ஏழாம் நாளும் எட்டாம் நாளும் தொழிற்சாலையில் ஒரே சிறகின் ஒரே இடத்தைத் தேய்த்துக்கொண்டே நின்றேன். யென்ஸ் வந்து என் கையைப் பிடித்து நிறுத்தினான். அந்த இடம் அகப்பை மாதிரிக் குழிந்துபோயிருந்தது.

7

ஒன்பதாம் நாள் நான் வேலையால் வரும்போது உறை சாப்பாட்டு மேசையில் இருந்தது. அதில் ஒட்டிய அரிசி நாலைந்து மேசைத்துணியில். மேல் பைகளுக்குள் வண்டு விழுந்துவிட்டதென்று வதனா அடிப்பையை இழுத்திருக்கிறாள்.

நான் பகிடியாக ஏதோ தொடங்கினேன். என்னவென்று இப்போது ஞாபகமில்லை.

"வாயை மூடுங்கோ."

மூடினேன்.

"நான் அங்கை என்ன வேலை செய்யிறன் எண்டு தெரியுமோ உங்களுக்கு? சாகக்கிடக்கிற சனத்துக்குப் பக்கத்திலை இருக்கிறன். ஆரெண்டே தெரியாத கிழவியின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு முழு நேரமும் இருக்கிறன். தனியச் சாகக்கூடாதெண்டு இந்த நாட்டிலை அதுக்கு ஆள் வைக்கினம். நீங்கள் அரிசிக்கை தாட்டு வைக்கிறியள்."

"அவன் ஆறு பேரைச் சுட்டவன், வதனா. அந்த ஆறு பேரும் தனியத்தானே செத்தவை?"

"ஓம். அதுக்குத்தானே அவனைக் கொல்லப்போகினம். பேந்தென்ன? நான் அவனுக்காகக் கதைக்கேல்லை. உங்கடை பிள்ளை ஒன்பது நாளாத் தவிக்கிறாள். நீங்கள் சொல்லுறியளோ, நான் சொல்லட்டோ?"

நான் சொல்லுகிறேன் என்றேன். ஓகூசுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டம். வதனா முன்னிருக்கையில் உறையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

அபியின் அறை நாலாம் மாடியில். உறையை நீட்டினேன். நனைந்து காய்ந்த மூலையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"திறந்தீங்களோ?"

"ஓம்."

"வாசிச்சீங்களோ?"

"ஓம்."

"எத்தினை நாள்?"

"ஒன்பது."

கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. மேசைக்கு முன்னால் இருந்து படிவத்தை நிரப்பினாள். உறவு என்ற கட்டத்தில் நண்பர் என்று எழுதினாள். விரைவுத் தபால் எடுக்கும் கடை எத்தனை மணிக்குப் பூட்டும் என்று பார்த்தாள். இன்னும் நாற்பது நிமிடம். மூன்று பேரும் ஓடினோம். கொடுத்துவிட்டுத் திரும்பி வரும்போது, தெருவில் வைத்து, மின்கம்பக் கதையைச் சொன்னேன். ஏனென்று விளங்கப்படுத்த நினைத்தேன். வதனா ஒரு கடை வாசலில் நின்றுவிட்டாள்.

அபி முழுவதையும் கேட்டாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள். "அந்த மனிசனுக்கு என்ன பேர் அப்பா?"

றேடியோக்காரர் என்றுதான் எல்லாரும் சொல்லுவோம். பெயர் எனக்குத் தெரியாது. மட்டையில் எழுதியிருந்திருக்கும். குற்றங்களை வரிசையாக இப்போதும் சொல்லுவேன். பெயர் ஞாபகத்தில் இல்லை.

"தெரியாது" என்றேன்.

தலையாட்டினாள். "நான் வீட்டுக்கு வர கொஞ்ச நாளாகும்" என்றாள், டேனிஷில்.

8

விரைவுத் தபால் என்று சொல்லித்தான் வாங்கினார்கள். இடையில் ஒரு சுங்கப் பரிசோதனை, ஒரு வார இறுதி, அங்கே ஒரு விடுமுறை நாள். நான் தொழிற்சாலையில் ஒவ்வொரு இடைவேளைக்கும் பொதியின் இலக்கத்தை அடித்துப் பார்த்தேன். கோப்பன்ஹேகன். ஜெர்மனி. ஒரு நாள் முழுக்க ஜெர்மனி. அமெரிக்கா. இன்னொரு நாள் முழுக்க அமெரிக்காவில் ஏதோ ஒரு கிடங்கு. என் வாழ்க்கையில் எந்தச் சாமிக்கும் அவ்வளவு நேரம் செலவழித்ததில்லை.

படிவம் குறித்த திகதிக்கு இரண்டு நாள் பிந்திக் கிடைத்தது. லெராயின் வக்கீல் ஒரு பெண். அவ சிறைச்சாலைக்கு எழுதினா, மேலதிகாரிக்கு எழுதினா, தொலைபேசியில் மன்றாடினா. விதி விதிதான் என்றார்கள். நான் டென்மார்க்கில் பழகிய கந்தோர்களை நினைத்துப் பார்த்தேன். இங்கேயும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள், கொஞ்சம் சிரித்துக்கொண்டு.

அவனுக்கு என்ன காரணம் சொல்வது என்று வக்கீல் அபியைக் கேட்டிருக்கிறா. அபி உண்மையைச் சொன்னாள். லெராய் கடைசியாக எழுதிய கடிதம் அதற்குப் பிறகு வந்தது. அது இந்தத் தடவை குளிர்சாதனப்பெட்டிக்கு மேல் அப்படியே இருந்தது. நான் அதைத் தொடவே இல்லை. வதனாதான் ஓகூசுக்குக் கொண்டுபோனாள். அதில் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை. அபி சொல்லவும் இல்லை. ஒன்றை மட்டும் வதனா மூலம் அறிந்தேன்: உன் அப்பாவிடம் கோபிக்காதே என்று ஒரு வரி இருந்ததாம். ஆறு பேரைக் கொன்றவன் எனக்குச் சிபாரிசு எழுதினான்.

தண்டனை நாளன்று அபி எங்களுக்குத் தகவல் அனுப்பியிருந்தாள்: நாலரைக்கு என் அறைக்கு வரலாம். அங்கே காலை பத்து மணி, எங்களுக்கு மாலை ஐந்து. வெளியே நல்ல வெயில். தெருவில் மாணவர்கள் சைக்கிளில் சத்தம் போட்டுக்கொண்டு போனார்கள். அபி யன்னலைப் பூட்டினாள். மூன்று கோப்பையில் தேத்தண்ணி வைத்தாள். ஒருவரும் குடிக்கவில்லை. கட்டிலில் வதனாவும் அபியும், கதிரையில் நான். என் வாய்க்குள் எப்போதும் ஒரு பகிடி நிற்கும். பயம் வந்தால் இரண்டு நிற்கும். அன்றைக்கு ஒன்றும் இல்லை.

ஐந்து மணிக்கு அபி ஆறு பெயரையும் சத்தமாக வாசித்தாள். பிறகு ஏழாவதாக லெராயின் பெயரை வாசித்தாள். வதனா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், வேலையில் பிடிக்கிற மாதிரி, மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே. அபி எழுந்து வந்து என் கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. தோள் என் முழங்காலில் பட்டது. நான் அசையவில்லை.

ஐந்து முப்பத்தொன்றுக்குக் கைத்தொலைபேசி அதிர்ந்தது. வக்கீலின் செய்தி. அவவும் அந்த அறையில் இருக்கவில்லை. கடைசி மனுவுக்கு நீதிமன்றத்தின் பதில் வரலாம் என்று கந்தோரில் தொலைபேசிக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறா. பதில் வரவில்லை. உள்ளே நின்ற ஒரு அதிகாரி அவவுக்குச் சொன்னதை அவ எங்களுக்கு எழுதியிருந்தா. அபி அதைத் தமிழில் சொன்னாள், ஒவ்வொரு சொல்லாகத் தேடி.

லெராய் பத்து மணி பதினாறுக்குச் செத்தான். ஆறு பேருடைய உறவுக்காரர் பதினொரு பேர் ஒரு கண்ணாடிக்குப் பின்னால் இருந்தார்கள். அவனுடைய பக்கத்துக் கண்ணாடிக்குப் பின்னால் ஐந்து கதிரை போட்டிருந்தது. ஒருவரும் இருக்கவில்லை. திரை திறந்ததும் அவன் அந்தப் பக்கம் தலையைத் திருப்பிப் பார்த்தான்.